துறைமுகம் பக்கத்தில்தான்... வேலை எங்கே?

சாயர்புரம் பக்கம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, ‘மூத்தவன் என்ன பண்ணுதான்?’ என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டால், பெரும்பாலும் ‘படிக்கான்’ என்றுதான் பதில் வரும். பையன் பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் படிக்கான். கேட்டவரும் மேற்கொண்டு துருவமாட்டார். குரூப் 4, குரூப் 2, எஸ்.ஐ., ரயில்வே, வங்கி என்று ஏதோ ஒன்றுக்குப் படிக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். அவர் வீட்டிலும் ஒருத்தி படித்துக்கொண்டிருப்பாள்.

படிப்பைக் குறை சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. ஊரே பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளர்ந்தது. சாமுவேல் சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான குடியிருப்பு இது. 1842இல் மிஷனரியான ஜி.யு. போப் இங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 22. அவர் தொடங்கிய கல்விப் பணியின் வழியில் அவர் பெயரில் மேல்நிலைப் பள்ளி, 1962இல் கலைக் கல்லூரி, பின்னால் பொறியியல் கல்லூரி என்று வந்தன. ஒரு பேரூராட்சிக்கு இது கூடுதல்தான். இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் தூத்துக்குடி. ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாளும் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் ஒரு பக்கம், பெரிய துறைமுகம் மறு பக்கம். நடுவில் பேருந்தும் ஓடுகிறது. அப்படியிருந்தும் ‘படிக்கான்’ என்ற பதில் ஏன் மாறமாட்டேன் என்கிறது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2022 குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். 2024இல் அறிவிக்கை வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பங்கள் 20 லட்சத்துக்கு மேல். 2025இல் 3,935 இடங்களுக்கு ஏறத்தாழ 14 லட்சம் பேர். பின்னால் காலியிடங்களைக் கூட்டுவார்கள், அது வழக்கம்தான். என்றாலும் அறிவிக்கை நாளில் நிலவரம் 300 முதல் 350 பேருக்கு ஒரு நாற்காலி. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒவ்வொரு முறையும் விண்ணப்பித்தவர்களில் சில லட்சம் பேர் தேர்வு மையத்துக்கே வருவதில்லை. வந்தவர்களிலும் முழுப் பாடத்திட்டத்தையும் முடித்தவர்கள் கொஞ்சம்தான். ஆகவே ஒழுங்காகப் படிக்கிறவனுக்குப் போட்டி இந்தக் கணக்கு மிரட்டும் அளவுக்கு இல்லை. நேர்முகத் தேர்வு கிடையாது, சிபாரிசுக்கு இடமில்லை, 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். கிராமத்துப் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான கதவு குறைவு. அந்தக் கதவைத் தட்டவே தட்டாதே என்று சொல்பவன் நான் அல்ல.

என் சண்டை வேறு. தேர்வுக்குப் படிப்பது ஒரு வேலை. வேலை தேடுவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துகொண்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நம்பிக்கொள்கிறோம். மூன்றாவது வருஷத்தில்தான் உறைக்கிறது. அதற்குள் கல்லூரியில் படித்தது மறந்திருக்கும், கூடப் படித்தவன் இரண்டு சம்பள உயர்வு வாங்கியிருப்பான், அப்பாவின் முகம் மாறியிருக்கும்.

சந்தை மோசம்தான்

காலம் நன்றாக இல்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பொறியியல் முடித்தவர்களுக்கு 15 வருஷமாக இருந்த கடைசி நம்பிக்கை ஐ.டி. அதிலேயே 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் பணியாளர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. மத்திய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த வேலையின்மை 3.2 சதவீதம். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 10.2 சதவீதம். படிக்காதவர்களைவிடப் படித்தவர்களிடம்தான் இது அதிகம். எந்த வேலையானாலும் பரவாயில்லை என்று கூலிக்குப் போய்விடாமல் காத்திருப்பது ஏழைக்கு இல்லாத வசதிகளில் ஒன்று. வீட்டில் ஒருவேளைச் சோறு நிச்சயமாக உள்ளவன்தான் காத்திருக்க முடியும். நன்றாகப் படித்தும் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுகிறவர்கள் இந்த எண்களையும் கொஞ்சம் பார்க்கலாம்.

தூத்துக்குடிக்கென்று சில அடிகள் தனியாக விழுந்தன. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவைத் தள்ளியதோடு அந்த அத்தியாயம் ஏறக்குறைய முடிந்தது. மூடியது சரியா தவறா என்று இங்கே மறுபடி வழக்காட வேண்டாம். செத்தவர்களின் வீடுகள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஆலைக்குள் இருந்தவர்கள், காண்ட்ராக்டில் போனவர்கள், லாரி ஓட்டியவர்கள், கேண்டீன் நடத்தியவர்கள் என்று பலரின் சம்பளம் ஒரே வாரத்தில் நின்றதும் உண்மை. அடுத்து 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆற்றங்கரை ஊர்கள் எல்லாம் துண்டிக்கப்பட்டன. வாழைத் தோட்டம், கடைச் சரக்கு, மாடு, தையல் மெஷின் எல்லாம் போயின. ‘சொந்தத் தொழில் செய்’ என்று பிள்ளைகளுக்கு மேடையில் புத்தி சொல்கிறவர்கள் ஏரல் கடைத்தெருவில் அந்த மாதம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

முத்து போனது, மூச்சு போகவில்லை

வேலை என்பது இந்தக் கரையில் எப்போதும் நிலையாக இருந்ததில்லை. கொற்கைக் காலத்திலிருந்து பேர்பெற்ற முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முத்துச்சிப்பி விளையும் பார்கள் சில வருஷம் செழிக்கும், பல வருஷம் வெறுமையாகக் கிடக்கும். அரசு ஆய்வு செய்து, விளைச்சல் இருந்தால்தான் குளிப்புக்கு நாள் குறிக்கும். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பிறகு குளிப்பு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுத் தொழில் ஒரு தலைமுறையின் கண் முன்னால் முடிந்துபோனது.

ஆனால் குளிப்பவர்கள் முடிந்துபோகவில்லை. மூச்சை அடக்கி ஆழத்துக்கு இறங்கவும், நீரோட்டம் பார்க்கவும், கலங்கிய தண்ணீரில் கையால் தடவிப் பொருளை அறியவும் தெரிந்த அதே ஆட்கள் சங்கு குளிக்கப் போனார்கள். இந்தக் கடலின் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே கல்யாணமான பெண்களின் வளையாகிறது. முத்து போனபோது சங்குக்குச் சந்தை இருந்தது. முத்து என்ற பெயருக்காகக் காத்திருந்தவர் யாராவது இருந்திருந்தால் இன்றுவரை கரையில்தான் உட்கார்ந்திருப்பார்.

வேலையின் பெயர் ஒன்று, அந்த வேலையைச் செய்யத் தேவைப்படும் கைத்திறன் இன்னொன்று. நம் பிள்ளைகள் பெயரைத் தேடுகிறார்கள். ‘பி.காம். முடிச்சவனுக்கு அக்கவுன்டன்ட் வேலை’, ‘மெக்கானிக்கல் முடிச்சவனுக்கு மெக்கானிக்கல் வேலை’. விளம்பரத்தில் அந்தப் பெயர் வராதபோது சந்தையே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பி.காம். மாணவனிடம் இருப்பது கணக்கைச் சரிபார்க்கிற கண். அது அக்கவுன்டன்ட் நாற்காலிக்கு மட்டும் எழுதிவைத்தது அல்ல.

கிளியரிங் ஆபீஸ் என்ற ஏணி

துறைமுகத்து வேலை என்றால் நம் ஊரில் இரண்டே படம்தான் மனதில் வரும்: ஒன்று, துறைமுக ஆணையத்தில் அரசு உத்தியோகம்; மற்றது, மூட்டை தூக்குவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஊரே இருக்கிறது. கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகங்கள், ஷிப்பிங் ஏஜென்சிகள், கன்டெய்னர் யார்டுகள், சரக்கை எடை பார்த்துத் தரம் பார்க்கும் சர்வேயர் நிறுவனங்கள், கடல் உணவு ஏற்றுமதி ஆலைகள், கிடங்குகள், லாரி செட்டுகள். காற்றாலை இறக்கைகளும் மரத்தடிகளும் நிலக்கரியும் முந்திரியும் கடல் வழியாக வந்து போகும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுக் காகிதம் நகர்கிறது. அந்தக் காகிதத்தை நகர்த்துவதுதான் தூத்துக்குடியின் பட்டதாரி வேலை.

கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தைத்தான் சி.எச்.ஏ. ஆபீஸ், கிளியரிங் ஆபீஸ் என்று ஊரில் சொல்கிறார்கள், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. சேரும்போது பெரிய சம்பளம் இருக்காது. ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று காகிதங்களைச் சரிபார்ப்பது, கணினியில் ஏற்றுவது, கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் யார்டுக்கும் அலைவது. பைக் லைசென்ஸ் இருந்தால் நல்லது, எக்செல் தெரியவேண்டும், இரண்டு வரி இங்கிலீஷ் மெயில் தப்பில்லாமல் எழுதவேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சுங்கத் துறை அடையாள அட்டை தருகிறது. 2018ஆம் ஆண்டுச் சுங்கத் தரகர் உரிம விதிகளின்படி புதிதாக வருபவருக்கு எச் கார்டு. துறை நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. அதற்கும் மேலே, பட்டதாரிகளுக்கான அகில இந்தியத் தேர்வு இருக்கிறது. எழுத்திலும் நேர்முகத்திலும் தேறியவருக்கு எஃப் கார்டு. அவர் பேரில் உரிமம் கேட்டுச் சொந்தமாக நிறுவனம் தொடங்கும் தகுதி வந்துவிடுகிறது. குமாஸ்தாவாக நுழைந்து முதலாளியாக வெளியே வர இப்படிச் சட்டத்திலேயே எழுதிவைத்த ஏணி எத்தனை தொழிலில் இருக்கிறது? போட்டித் தேர்வுக்குப் படித்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுகள் அன்னியமாக இருக்காது. ஆனால் குரூப் 4 புத்தகம் கிடைக்கிற கடைகளில் இந்தத் தேர்வுக்கான புத்தகத்தைக் கேட்பவர் எத்தனை பேர்?

கடல் உணவு ஆலைகளிலும் இப்படித்தான். இறால் உரிக்கிற வேலை ஒன்றுதான் அங்கே இருப்பதாக நினைக்கிறோம். வெப்பநிலை பதிவு, தரக் கட்டுப்பாடு, ஆய்வகச் சோதனை, ஏற்றுமதி ஆவணம் என்று அறிவியல் பட்டதாரிகளுக்கான நாற்காலிகளும் இருக்கின்றன. 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியிலேயே இருப்பது சும்மா அல்ல.

புதிதாக வந்தவற்றையும் சொல்லவேண்டும். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்தார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள், 3,000 முதல் 3,500 பேர் வரை வேலை என்பது அறிவிப்பு. தூத்துக்குடியில் மினி டைடல் பூங்கா 2024 டிசம்பரில் திறந்தது. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் விழுந்தது. செய்தி வந்த அன்று ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பட்டாசு வெடித்தது. மறுநாள் ‘நமக்கு எங்க கிடைக்கப் போகுது’ என்று அணைந்தது. இரண்டுமே அவசரம். பெரிய ஆலையில் முதல் அலையில் எடுப்பது அனுபவசாலிகளையும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்த கைத்தொழில்காரர்களையும். ஆலைக்குப் பொருள் தரும் சிறு நிறுவனங்கள், போக்குவரத்து, பராமரிப்பு, கேண்டீன் ஆகியவை பின்னால்தான் வரும். உள்ளூர்ப் பட்டதாரிக்கு அந்த இரண்டாவது அலையில் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. ஸ்டெர்லைட் நினைவிருக்கிறவர்கள் ஒரே ஆலையின் வாசலில் மொத்த நம்பிக்கையையும் கொண்டுபோய் வைக்கமாட்டார்கள்.

ஐ.டி.ஐ. என்றதும் முகம் சுளிக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் துணையோடு 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் மேம்படுத்தியிருக்கிறார்கள். ரோபோ, சி.என்.சி. மெஷின், மின்வாகனப் பராமரிப்பு எல்லாம் அங்கே வந்துவிட்டன. பழைய கட்டடத்தை நினைத்துக்கொண்டு பையனைத் தடுக்காதீர்கள். பி.இ. முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறவன் அப்ரன்டிஸாகச் சேர்ந்து மெஷின் பக்கத்தில் ஒரு வருஷம் நின்றால் அது கௌரவக் குறைவு இல்லை. உதவித்தொகையும் கிடைக்கும், சான்றிதழும் கிடைக்கும்.

கயிற்றைப் பிடிப்பது யார்?

முத்துக்குளிக்கிறவர் ஆழத்துக்குப் போகும்போது வள்ளத்தில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவர் அவருடைய மைத்துனராக இருப்பார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்பதால் மச்சான் கையை விடமாட்டான். வேலை தேடுகிறவனுக்கும் கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும். சின்ன நிறுவனங்களில் விளம்பரமே கொடுப்பதில்லை. ஒரு ஆள் போனால், இருக்கிற ஆளிடம் ‘தெரிஞ்ச பையன் யாரும் இருக்கானா?’ என்று கேட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வி எழுகிற நிமிஷத்தில் உங்கள் பெயர் ஒருவர் நினைவில் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

சாயர்புரத்துப் பிள்ளைகளுக்கு இதில் பஞ்சமே இல்லை. போப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவர்கள் சென்னையில், மும்பையில், வளைகுடாவில், கப்பல்களில் இருக்கிறார்கள். சபை இருக்கிறது, அண்ணாச்சிமார் கடைகள் இருக்கின்றன. கேட்கிற விதத்தில்தான் தவறு. ‘அண்ணே, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க’ என்று கேட்டால் எந்த அண்ணனும் ‘பாக்கலாம் தம்பி’ என்றுதான் சொல்வார். மனசில்லாமல் அல்ல. ‘ஏதாவது’ என்பதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி அனுப்பிப் பாருங்கள்:

‘அண்ணே, நான் சாயர்புரம், பி.காம். முடிச்சிருக்கேன். கஸ்டம்ஸ் டாக்குமென்டேஷன் வேலைக்குப் போகணும்னு இருக்கேன். ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி எப்படிப் போடுவாங்கன்னு படிச்சுவச்சிருக்கேன், எக்செல் தெரியும், பைக் இருக்கு. உங்க ஆபீஸ்ல இதுக்கு யாரைப் பார்க்கணும், எந்த மாசம் ஆள் எடுப்பாங்க? ஒரு பத்து நிமிஷம் போன்ல பேசலாமாண்ணே?’

இந்தச் செய்திக்குப் பதில் சொல்வது சுலபம். யாரைப் பார்க்கவேண்டும் என்று ஒரு பெயர் வந்தால் போதும், கயிறு கைக்கு வந்துவிட்டது. போய்ப் பார்த்த அன்று ராத்திரியே, பெயர் சொன்ன அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தகவல் சொல்லுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு. செய்பவனை அவர் மறக்கமாட்டார்.

பயோடேட்டாவைப் பற்றி ஒன்றே ஒன்று. கண்ணைக் கவரும் வடிவமைப்பும், நான்கு வரி ‘குறிக்கோளும்’ வேண்டாம். இரண்டு வருஷம் தேர்வுக்குப் படித்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். ‘அந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?’ என்ற கேள்வி எப்படியும் வரும். தலையைக் குனிந்து முழுங்கினால் சந்தேகம் வரும். ‘குரூப் 4க்குப் படித்தேன், இத்தனை மதிப்பெண் வந்தது, கட்-ஆஃப் இத்தனை, கூடவே தட்டச்சு சீனியர் முடித்தேன்’ என்றால் எதிரில் இருப்பவருக்கு ஒரு ஒழுங்கு தெரியும்.

தட்டச்சு என்று ஏன் குறிப்பிட்டேன் என்றால், இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பொருளைத்தான் காத்திருக்கும் காலத்தில் சேர்க்கவேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு சீனியர் கிரேடு இருந்தால் குரூப் 4இல் தட்டச்சர் பணிக்கான வாசல் தனியாகத் திறக்கிறது. தொழில்நுட்பக் கல்வித் துறையின் கணினி அலுவலகச் செயல்பாட்டுச் சான்றிதழும் அப்படியே. தேர்வில் தோற்றாலும் அந்த விரல்வேகம் கிளியரிங் ஆபீஸில் சோறு போடும். டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவது, கனரக வாகன லைசென்ஸ், கடலோடிகளுக்கான அடிப்படைப் பயிற்சி என்று ஒவ்வொருவர் படிப்புக்கும் இப்படி ஒன்று இருக்கும். செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். வரட்டும், கடிதம் எழுதவும் எக்செல் சூத்திரம் போடவும் அதையே பயன்படுத்தத் தெரிந்தவனைச் சின்ன ஆபீஸ்கள் முதலில் எடுக்கும்.

தேர்வுக்கும் ஒரு தேதி குறியுங்கள். எத்தனை முறை எழுதுவது என்பதை முதல் முறை எழுதுவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து பேசி, காலண்டரில் எழுதிவிடுங்கள். இரண்டு அறிவிக்கை வரை என்பது என் அளவு. உங்கள் வீட்டு நிலைமைக்கு மூன்றாக இருக்கலாம். ரிசல்ட் வந்து மனம் உடைந்திருக்கும் நாளில் எடுக்கிற முடிவு அல்ல இது. வேலைக்குப் போய்க்கொண்டே காலையில் இரண்டு மணி நேரம் படித்து அரசுப் பணிக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அரசு அலுவலகத்திலும் கேட்கலாம்

வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் பதிவு செய்துவிட்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் இடம் என்று மட்டும் நினைப்பவர்கள் அதிகம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்ற அதன் முழுப் பெயரின் பின்பாதியைப் பயன்படுத்துங்கள். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு உண்டு. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள். தனியார் வேலைகளுக்கென்றே மாநில அரசின் இணையதளமும் இருக்கிறது. முகாமில் கூட்டம் அள்ளும், வந்த நிறுவனங்களில் பாதி உங்களுக்கு ஒத்துவராது. அதற்காகவாவது போங்கள்: நான்கு பேரிடம் நேர்முகம் கொடுத்துப் பழகுவதற்குக் காசு கேட்காத இடம் அது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பயிற்சிகளைக் கல்லூரியில் இருக்கும்போதே எடுத்துக்கொள்வது நல்லது.

பதிவு செய்து ஐந்து வருஷம் ஆகியும் வேலை இல்லாதவர்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். தூத்துக்குடிக்குப் பத்து முறை போய்வரும் செலவுக்காவது ஆகும், விடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை அதிகம், ஒரு வருஷக் காத்திருப்பு போதும்.

பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்ற ஏற்பாடு 2021இல் வந்தது. ‘பஸ் செலவுக்கே சம்பளம் போயிரும், எதுக்கு வேலைக்கு?’ என்று பெண்ணை நிறுத்திவைத்த வாதம் அதோடு பாதி செத்துவிட்டது. ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்ற மீதி வாதத்துக்கு நிறுவனங்கள்தான் பதில் சொல்லவேண்டும். பகல் ஷிஃப்ட் உள்ள ஆபீஸ் வேலைகளில் பெண்களை எடுக்கத் தயங்குகிற முதலாளிகளை நான் ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை.

காசு கேட்டால் திரும்பிவிடுங்கள்

கடற்கரை மாவட்டம் என்பதால் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுகிற ஏஜென்ட்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு மத்திய கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கவேண்டும், அந்த உரிமப் பட்டியலை இயக்குநரகத்தின் தளத்தில் யாரும் பார்க்கலாம். பெயர் அங்கே இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கப்பல் படிப்பே படிக்க ஆசை என்றால் தமிழ்நாடு கடல்சார் அகாடமி தூத்துக்குடியிலேயே இருக்கிறது. நேரில் போய் விசாரிக்கலாம்.

இப்போது புதிய வலை வேறு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், கை நிறைய டாலர் என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்துவைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றுகிற வேலையை மிரட்டி வாங்குகிறார்கள். 2022இல் மியான்மரின் மியாவாடிப் பகுதியிலிருந்து தமிழ் இளைஞர்களை மீட்டு வரவேண்டியிருந்தது. அவர்களில் பலர் கணினி தெரிந்த பட்டதாரிகள். படித்தவன் ஏமாறமாட்டான் என்பது தப்பான நம்பிக்கை. வேலை இல்லாத மூன்றாவது வருஷத்தில் யாரும் ஏமாறலாம். சுற்றுலா விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் அது வேலையே அல்ல. வெளிநாடு போகவேண்டும் என்றால் 1978இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் கேளுங்கள். தனியார் ஏஜென்சி என்றால் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே.

நாற்பதிலும் ஐம்பதிலும் வேலை இழந்து ஊர் திரும்பியவர்களை இந்தக் கட்டுரை மறந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், சென்னையில் ஆட்குறைப்பில் சிக்கியவர்கள் என்று அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கம் உண்டு. இளைஞர்களுக்கு இருக்கிற பயிற்சித் திட்டங்கள் அவர்களுக்குக் குறைவு என்பது நியாயமான புகார். அவர்களுக்கு நான் காட்டக்கூடியவர் ஊர்க்காரர்களே தினமும் பெயர் சொல்லும் போப். தஞ்சாவூரிலும் ஊட்டியிலும் பெங்களூரிலும் பள்ளி, சபை என்று உழைத்து, அங்கங்கே கசப்புகளையும் சந்தித்து, 60 வயதைத் தாண்டி 1882இல் இங்கிலாந்து திரும்பினார். ஓய்வெடுத்திருக்கலாம். ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது, நாலடியார் 1893இல், திருவாசகம் 1900இல். கடைசிப் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 80. இளவயதில் இந்தச் செம்மண் பூமியில் பழகிய தமிழ்தான் முதுமையில் அவருக்குச் சம்பளமும் பேரும் வாங்கிக் கொடுத்தது. அனுபவம் உள்ளவர்கள் இளைஞர்களோடு ஒரே வரிசையில் நின்று விண்ணப்பம் போடுவதைவிட, தாங்கள் இருபது வருஷம் செய்த வேலையைச் சொல்லித்தர யாருக்குத் தேவை என்று பார்ப்பது நல்லது. யார்டுகளிலும் பயிற்சி மையங்களிலும் அதற்குத் தேவை இருக்கிறது.

இனி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு. தூத்துக்குடியில் துறைமுகத்திலும் கிளியரிங் ஆபீஸ்களிலும் ஆலைகளிலும் வேலை பார்க்கிற சாயர்புரத்துக்காரர்களே, உங்கள் ஆபீஸில் அடுத்த முறை ஆள் தேவைப்படும்போது அந்த ஒரு வரியை ஊர் நூலகத்திலும் பள்ளி, கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள். என்ன படிப்பு, என்ன தெரிந்திருக்கவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும், சம்பளம் எவ்வளவு என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வெளியே வரும்போது, ‘படிக்கான்’ என்று பதில் சொல்லும் வீட்டுப் பிள்ளை ஒருவனின் பயோடேட்டாவை வாங்கி, பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுங்கள்.